கொஞ்சம் இடப்பக்கம், ஹெட்லி

ஹெட்லி ஸ்டாட்டின் முதுகை அவன் பெண்டாட்டி பெரிலைவிட நான்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம். ஸ்கெல்பி டவுன் கால்பந்து மைதானத்தில், தோல் ஆலைப் பக்கத்துக் கோலுக்கு நேர் பின்னால்தான் என் டீக்கடை. தகரக் கூரை, ஒரு பலகை, ஒரு பெரிய கெட்டில், இறைச்சி அடைத்த 'பை' பலகாரம் சூடு பண்ண ஒரு அடுப்பு. பலகைக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு, அதற்கு முன்னால் வலை, வலைக்கு முன்னால் எங்கள் கோல்கீப்பர் ஹெட்லி. சனிக்கிழமை தோறும் பாதி ஆட்டத்துக்கு அவன் முதுகுதான் எனக்குக் காட்சி. மீதிப் பாதிக்கு வேற்று ஊர்க்காரன் முதுகு. அதை நான் பொருட்படுத்துவதில்லை.

முதுகை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். பயந்தவன் தோளைத் தூக்கிக்கொண்டு நிற்பான். திமிர் பிடித்தவன் கம்பத்தில் சாய்ந்து நிற்பான். ஹெட்லி இரண்டும் இல்லை. பச்சைக் கம்பளி ஸ்வெட்டருக்குள் சற்றே குனிந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப்போல் நிற்பான். எங்கள் அணி நாலாம் டிவிஷனில் அடியிலேயே கிடந்த அணி. பந்து அவனிடம்தான் அடிக்கடி வரும். வந்தால் பிடிப்பான், பிடிக்க முடியாவிட்டால் வலைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுப்பான். யாரையும் திட்ட மாட்டான்.

அவன் அப்பா தோல் ஆலையில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவர். கைத்தோலெல்லாம் வெந்து, நெஞ்சு கெட்டு, இருமி இருமியே செத்தார். அந்த ஆலை நாற்றம் இருக்கிறதே, அது துணியில் ஏறினால் இறங்காது. ஹெட்லி அதை அறவே வெறுத்தான். ஆலைத் தொழிலாளர் அணியில்தான் முதலில் கோலுக்கு நின்றான். ஸ்கெல்பி டவுன்காரர்கள் பார்த்துவிட்டுக் கூட்டிப்போனார்கள். நடுவில் கடலோரத்து அணி ஒன்று வாங்கிக்கொண்டு போய், இரண்டு வருஷத்தில் சலித்துத் திருப்பி அனுப்பியது. அவ்வளவுதான் அவன் பார்த்த உலகம். தொலைக்காட்சியில் முகம் வந்ததில்லை. பேப்பரில் படம் வந்தால் கோல் வாங்கிய படமாகத்தான் வரும்.

விரல்களைப் பார்க்க வேண்டுமே! எத்தனை தடவை உடைந்து எத்தனை தடவை கூடியதோ, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்க்கும். கல்யாண மோதிரம் ஏறவே இல்லை. பெரில் அதைச் சங்கிலியில் கோத்து அவன் கழுத்தில் போட்டுவிட்டாள். ஆட்டத்துக்கு முன்னால் கழற்றி என்னிடம் கொடுப்பான். சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்து, ஆட்டம் முடிந்ததும் கொடுப்பேன்.

என் வீட்டுக்காரர் ஆல்ஃபியைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. டீக்கடைக்கு உதவி செய்ய வருவதாகச் சொல்லித்தான் வருவார். ஒரு கப் கழுவியிருப்பாரா? கிடையாது. கம்பித் தடுப்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கூட்டாளிகளோடு கத்துவதுதான் அவர் வேலை. ஹெட்லி சேர்ந்த புதிதில் ஒரு நாள் இடது மூலையில் ஒரு கோல் வாங்கினான். இவர் உடனே, "கொஞ்சம் இடப்பக்கம், ஹெட்லி!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். ஹெட்லி திரும்பிப் பார்க்காமலே இடது கையை மட்டும் தூக்கி, "போய்யா" என்பதுபோல் கையுறையை ஆட்டினான். அன்றைக்குப் பிடித்தது. அதற்கப்புறம் ஒரு ஆட்டம் தவறாது. அவன் சரியாக நின்றாலும் கத்துவார், வலப்பக்கம் கோல் விழுந்தாலும் அதையேதான் கத்துவார். கறிக்கடை வரிசையில் ஹெட்லி நின்றால் அங்கேயும், "கொஞ்சம் இடப்பக்கம்!" இவனும் அங்கேயே கையை ஆட்டுவான். நான் எத்தனையோ தடவை, "யோவ், வாய் வலிக்கலயா உனக்கு?" என்று கேட்டிருக்கிறேன். "அது அவனுக்கு ராசி, எட்னா. நான் கத்தலன்னா அவனுக்கு ஆட்டமே ஓடாது" என்பார்.

நவம்பர் மாதம், மைதானம் முழுக்கச் சேறு. எதிரணி ஆள் ஒருவன் பந்தோடு ஓடி வந்தான். ஹெட்லி வழக்கம்போல் அவன் காலடியில் தலையைக் கொடுத்து விழுந்தான். பூட்ஸ் இடது கண்ணில் இறங்கியது. எங்கள் ஊரில் வைத்தியம் ஒன்றுதான். வாளியைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் ஓடுவான், பச்சைத் தண்ணீரில் ஸ்பாஞ்சை முக்கிப் பிழிந்து முகத்தில் அப்புவான், கிடப்பவன் எழுந்து நிற்பான். எழாவிட்டால் இன்னொரு முறை அப்புவான். ஹெட்லி எழுந்தான். முழு ஆட்டமும் ஆடினான்.

வீக்கம் வடிந்து ஒரு வாரம் கழித்து டீ குடிக்க வந்தான். கப்பைப் பலகையில் வைத்தேன். கையை நீட்டினான். விரல்கள் கப்புக்கு முன்னாலேயே காற்றைப் பிடித்து மூடின. மறுபடியும் நீட்டினான், கப் கவிழ்ந்தது.

"என்னப்பா, காலையிலயே போட்டுட்டு வந்துட்டியா?" என்றேன்.

சிரித்தான். சிரிப்பு சரியில்லை. அவன் இடப்பக்கமாகப் போய்ப் பலகையைத் துடைக்கிற சாக்கில் துணியை அவன் கண்ணருகே வேகமாக வீசினேன். இமை அசையவில்லை.

அன்று சாயங்காலமே பெரிலைப் போய்ப் பிடித்தேன். கிளப் கொடுத்த வீடு, கால்வாய்த் தெருவில். கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு வெளியூர் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், எட்னா. இடது கண்ணு போச்சு. இனி வராதாம். வலது கண்ணையாவது பத்திரமா வெச்சுக்க, தலையில இன்னொரு அடி விழுந்தா அதுவும் போயிடும், பந்து பக்கமே போகாதேன்னு டாக்டர் சொன்னாரு. இந்த மனுஷன் தலைய தலைய ஆட்டினாரு. வெளிய வந்ததும் 'லோமாக்ஸ் கிட்ட சொல்லிடாதே'ங்கறாரு!"

லோமாக்ஸ் எங்கள் மேனேஜர். ஹெட்லி உள்ளே கணப்பருகே உட்கார்ந்திருந்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏன்டா, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? இருக்கிற ஒரு கண்ணையும் கொண்டுபோய் சேத்துல போடணுமா?"

"ஆட்டத்த விட்டா இந்த வீட்ட விடணும் எட்னா. வீடு கிளப்போடது. அப்புறம் எனக்கு என்ன தெரியும்? ஆலைக்குத்தான் போகணும். எங்கப்பா செத்த எடத்துல போய் நிக்கச் சொல்றியா?"

"நின்னா என்ன? கண்ணோட நிப்பியே!" என்றாள் பெரில்.

அப்போதுதான் ஹெட்லி உண்மையைச் சொன்னான். எல்லா டிவிஷன் அணிகளும் மோதும் கோப்பைப் போட்டியின் சீட்டுக் குலுக்கலில் முதல் டிவிஷன் அணி ஒன்று எங்களுக்கு விழுந்திருந்தது. எங்கள் மைதானத்திலேயே. ஊரே பைத்தியம் பிடித்து அலைந்துகொண்டிருந்தது. சினிமாக்காரர்கள் மாதிரி தொலைக்காட்சியில் மட்டும் பார்த்த ஆட்கள், எங்கள் தகரக் கூரைக்கு முன்னால் வந்து ஆடப்போகிறார்கள்.

"அந்த ஒரு ஆட்டம். இத்தன வருஷம் விழுந்து எழுந்ததுக்கு அந்த ஒரு ஆட்டம் ஆடிடறேன். மறுநாளே லோமாக்ஸ் கிட்ட நானே சொல்லிடறேன். பெரில், உன் மேல ஆணை."

அவள் ஒத்துக்கொண்டாள். என்ன செய்வாள், அவன் முகம் அப்படி இருந்தது. என்னிடமும் சத்தியம் வாங்கினார்கள், ஆல்ஃபிக்குக்கூடச் சொல்லக் கூடாதென்று. ஆல்ஃபியிடம் சொல்வதும் நகராட்சி ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று என்று எனக்கே தெரியும். வாயைத் திறக்கவில்லை.

ஒற்றைக் கண்ணோடு அவன் எப்படிச் சமாளித்தான் என்று கேட்பீர்கள். தரையில் கிழித்த கோட்டை வைத்துத்தான். கோல்கீப்பர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம் அது. ஆட்டம் தொடங்கும் முன் கோலுக்கு முன்னால் புல்லில் குதிகாலால் ஒரு கோடு கிழித்துக்கொள்வார்கள். கோலின் நடு எது என்று அந்தக் கோடு சொல்லும். பந்தைப் பார்த்துக்கொண்டே முன்னும் பின்னும் நகர்கிறவன், பின்னால் திரும்பிக் கம்பத்தைப் பார்க்க வேண்டியதில்லை, காலடியில் குனிந்து பார்த்தால் போதும். ஹெட்லிக்கு முன்பு அது வெறும் பழக்கம், இப்போது அதுதான் பிழைப்பு. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் தெரியாது. கம்பம் கண்ணில் படும், எட்டத்தில் இருக்கிறதா கிட்டத்தில் இருக்கிறதா என்பது பிடிபடாது. அதனால் இந்தக் கம்பத்தைத் தொட்டு, அடி வைத்து நடந்து, அந்தக் கம்பத்தைத் தொட்டு, திரும்பி வந்து சரிபாதியில் ஆழமாகக் கிழிப்பான். டிசம்பர் முழுக்க இப்படியே ஆடினான். சில கோல்கள் வாங்கினான். வழக்கமாக வாங்குகிறவன்தானே, யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கோப்பை ஆட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை ஒரு சாதாரண ஆட்டம். எங்களுக்குக் கீழே இருந்த ஒரே அணியோடு. ஜெயித்தாலும் தோற்றாலும் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. பெரில் கெஞ்சினாள், "காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கோங்க." லோமாக்ஸோ முன்பே எல்லோரிடமும் சொல்லிவிட்டார்: "இந்த சனிக்கிழமை ஆடாதவன் அடுத்த சனிக்கிழமையும் ஆட மாட்டான். புரியுதா?"

"புரியுது பாஸ்" என்று ஹெட்லிதான் முதலில் சொன்னானாம்.

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் தகராறு நடந்த குளிர்காலம் அது. மின்சாரம் கிடையாது, மைதான விளக்குகள் போட முடியாது. அதனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலேயே ஆட்டத்தைத் தொடங்கினார்கள். நல்ல உறைபனி. ஆட்டம் தொடங்கும்போது எங்கள் பக்கத்துக் கோலில் வெயில் விழுந்து, மேல்மண் சற்றே இளகியிருந்தது. முதல் பாதியில் அங்கே நின்றவன் எதிரணிக் கோல்கீப்பர், பாம்ஃபோர்ட் என்று பெயர், நரை விழுந்த ஆள். வந்ததும் குதிகாலால் பளிச்சென்று ஒரு கோடு கிழித்துக்கொண்டு நின்றான். நான் பை சூடு பண்ணுகிற மும்முரத்தில் இருந்தேன்.

இடைவேளை முடிந்து பக்கம் மாறினார்கள். ஹெட்லி எங்கள் பக்கம் வந்தான். அதற்குள் வெயில் தோல் ஆலைச் சுவருக்குப் பின்னால் இறங்கி, கோல் முழுக்க நிழல். ஹெட்லி குதிகாலால் ஓங்கி மிதித்தான். வழுக்கியது. மறுபடியும் மிதித்தான், பூட்ஸ் ஆணி கிரீச்சிட்டது, மண் அசையவில்லை.

"எட்னா, உன் பைய விட கல்லா இருக்கு இந்தத் தரை!" என்றான்.

"கொழுப்புடா உனக்கு. அடுத்த வாரம் தர்ற பைய உன் தலையில போடறேன் பாரு" என்றேன்.

அப்போதுதான் பாம்ஃபோர்ட்டின் கோடு அவன் கண்ணில் பட்டது. உறைந்து, வெள்ளையாய், தெளிவாக இருந்தது. முகம் மலர்ந்துவிட்டது. கம்பத்தைத் தொடப் போகவில்லை. அடி வைத்து அளக்கவில்லை. ஏன் அளப்பான்? எந்தக் கோல்கீப்பரும் நடுவில்தான் கோடு கிழிப்பான். அதற்குள் விசில் ஊதியும் விட்டார்கள். நேராகப் போய் அந்தக் கோட்டின் மேல் நின்றுகொண்டான்.

"கொஞ்சம் இடப்பக்கம், ஹெட்லி!" என்று ஆல்ஃபி கத்தினார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஹெட்லி திரும்பாமலே இடது கையைத் தூக்கி உறையை ஆட்டினான்.

"டேய், நெசமாத்தான் சொல்றேன்டா! இடப்பக்கம் வா!"

இன்னும் பெரிய சிரிப்பு. 'நெசமாத்தான் சொல்றேன்' என்பதையும் அவர் எத்தனையோ தடவை சொன்னவர்தானே. ஹெட்லியின் முதுகு குலுங்கியது. அவனும் சிரித்தான். உறை மறுபடியும் ஆடியது.

நான் கெட்டிலிலிருந்து நிமிர்ந்தேன். ஆல்ஃபியின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எட்னா, இங்க வந்து பாரேன். இவன் நல்லா வலப்பக்கம் தள்ளி நிக்கறான். ஏன் அங்க போய் நிக்கறான்?"

பார்த்தேன். நடுவைவிட்டு ஒரு பெரிய தப்படி வலது கம்பத்துப் பக்கம் தள்ளி நின்றுகொண்டிருந்தான். ஆல்ஃபிக்குத் தெரியாத விஷயம் எனக்குத் தெரியும். கெட்டிலைப் போட்டுவிட்டுக் கம்பித் தடுப்புக்கு ஓடினேன். "ஹெட்லி! கம்பத்தப் பாரு!" என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் எதிரணிக்காரன் ஒருவன் கோலை நோக்கிப் பந்தை அடித்துவிட்டான்.

பந்து வலப்பக்கமாக வந்தது, நல்ல கண்ணின் பக்கம். அதை அவன் தெளிவாகப் பார்த்தான். கம்பம் இன்னும் எட்டத்தில் இருக்கிறது, பந்து உள்ளே வருகிறது என்று கோடு சொன்னது. முழு உடம்பையும் நீட்டிப் பாய்ந்தான். அவன் அப்படிப் பாய்ந்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் கம்பங்கள் பழைய மரக் கம்பங்கள், நாலு பக்கமும் கூர்விளிம்பு. முகம் கம்பத்தில் மோதிய அந்தச் சத்தத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பந்து கம்பத்துக்கு வெளியேதான் போனது. அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால்கூட அது கோல் இல்லை.

வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த ஆள் ஓடினான். ஸ்பாஞ்ச் உறைந்து வாளியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆல்ஃபி தடுப்பைத் தாண்டிக் குதித்து ஓடினார். நானும் எப்படித் தாண்டினேனோ தெரியாது. ஹெட்லி முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டிருந்தான். விரல் இடுக்கில் ரத்தம். யார் கை பட்டது என்று தெரியாமல் ஆல்ஃபியின் மேல்கோட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டான்:

"அதுக்குள்ள இருட்டிடுச்சா? ஆட்டத்த நிறுத்திட்டாங்களா?"

வானத்தில் இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் பாம்ஃபோர்ட் என் கடைக்கு வந்தான். நடந்தது அவனுக்குப் புரிந்திருந்தது. நின்றபடியே அழுதான்.

"எனக்கு வலது தோளு போச்சு, அம்மா. வலப்பக்கம் பாஞ்சு விழுந்தா கழண்டுடும். எங்க பாஸுக்குக்கூடத் தெரியாது. அதனால அந்தப் பக்கம் பாயற தேவை வராம வலது கம்பத்துப் பக்கமா தள்ளியே கோட்டப் போட்டுக்குவேன். போகும்போது அழிச்சிட்டுப் போயிருக்கணும். தரை இறுகிப்போச்சு. இன்னொருத்தன் அத நம்பி நிப்பான்னு நான் கண்டேனா?"

அறைய வேண்டும் போலத்தான் இருந்தது. பாவி, அவனும் ஹெட்லி மாதிரியே ஒன்றை மறைத்துவைத்து வயிறு கழுவியவன். டீ ஊற்றிக் கொடுத்தேன். இடது கையால்தான் வாங்கினான்.

சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் மோதிரம் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய்ப் பெரில் கையில் கொடுத்தேன். வலது கண்ணும் போய்விட்டதென்று அதற்குள் சொல்லிவிட்டார்கள். அவள் அழவில்லை. சங்கிலியைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை கோப்பை ஆட்டம் நடந்தது. ஊரே வந்தது. ரிசர்வ் கோல்கீப்பர் நின்றான், அரை டஜன் கோல் வாங்கினோம், என் பை எல்லாம் பாதி ஆட்டத்துக்குள் தீர்ந்துவிட்டது. கல்லா நிறைந்தது, மனசு நொந்தது. ஆல்ஃபி வரவில்லை. அதற்கப்புறம் அவர் எந்த ஆட்டத்துக்கும் வரவில்லை.

லோமாக்ஸ் திராட்சைப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே, புதுக் கோல்கீப்பருக்குக் குடும்பம் இருக்கிறது, ஈஸ்டருக்குள் வீடு வேண்டும் என்றார். பெரில் திராட்சையை அவர் நெஞ்சிலேயே எறிந்தாள்.

"எடுத்துட்டுப் போங்க! வர்றவனுக்குக் குடுங்க. கண்ணு இருக்கான்னு பாத்துட்டுக் குடுங்க!"

வீட்டைக் காலி செய்தார்கள். ஆலைக்குப் பின்னால் ஒரு அறை கிடைத்தது. வேலைக்குப் போனவள் பெரில், வேறெங்கே, தோல் ஆலைக்குத்தான். அந்த நாற்றத்திலிருந்து தப்பிக்கத்தான் ஹெட்லி வாழ்நாளெல்லாம் சேற்றில் விழுந்தான். இப்போது தினமும் சாயங்காலம் அது கதவைத் திறந்துகொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தது. அவன் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை என்று பெரில் சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள்.

ஆல்ஃபி அவனைப் பார்க்கவே போகவில்லை. கேட்டால் முதுகு வலி என்பார், மழை என்பார். கோடை வந்தது, மழை என்றும் சொல்ல முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்கோட்டை எடுத்து அவர் மேல் எறிந்தேன். "யோவ், நீ வந்தே ஆகணும். அவன் உன்னக் கேட்டுட்டே இருக்கான். என்ன பதில் சொல்லட்டும் நான்?"

வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டார். ஹெட்லி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான், முதுகு மட்டும் அதே முதுகு.

"ஆல்ஃபியா? செருப்புச் சத்தத்துலயே தெரியுதே. ஏன்யா, கால் இங்க வர இத்தன நாளாச்சா?"

ஆல்ஃபி உள்ளே வந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பெரில் டீயைக் கொண்டுவந்து ஹெட்லிக்கு முன்னால் வைத்தாள். எங்கே இருக்கிறதென்று சொல்ல மறந்துவிட்டாள். ஹெட்லி கையை நீட்டினான். கோணல் விரல்கள் மேஜையின் மேல் தடவிக்கொண்டே போயின, கப்பை விட்டு விலகி, வலப்பக்கமாக, மேஜை விளிம்பை நோக்கி. பெரில் எழப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்சம் இடப்பக்கம், ஹெட்லி" என்றார் ஆல்ஃபி.

கை நின்றது. உடனே இடப்பக்கம் திரும்பி வந்தது. கப்பைப் பிடித்தது. ஒரு வாய் குடித்துவிட்டு அதை மடியில் வைத்துக்கொண்டு ஹெட்லி கேட்டான்:

"அன்னிக்கும் நெசமாத்தான் சொன்னே, இல்ல?"

"ஆமாம்டா."

"நீ வழக்கம்போல வெளையாடறேன்னு நெனச்சேன், ஆல்ஃபி. கையக்கூட ஆட்டினேனே."